நாற்று முற்றும்வரை நிற்பதா?

நாற்றங்காலில் நாற்று நிற்கிறது. வயலில் தண்ணீர் நிற்கிறது. வரப்பின் மேலே ஆள் நிற்கிறான். இறங்கலாமா, இன்னும் இரண்டு நாள் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டே நிற்கிறான்.

குறுவை நாற்றுக்கு வயது 20, 22 நாள். நீண்டகாலச் சம்பா நாற்று 35, 40 நாள் வரை தாங்கும். அதற்கு மேல் நாற்று யாருக்காகவும் காத்திருக்காது, முற்றிவிடும். முற்றிய நாற்றைப் பறித்து நட்டாலும் வேர் பிடிக்கத்தான் செய்யும். பச்சை கட்டத்தான் செய்யும். ஆனால் ஒழுங்காகத் தூர் கட்டாது. தூர் குறைந்தால் கதிர் குறையும். கதிர் குறைந்தால் களத்தில் மரக்கால் குறையும். தஞ்சைத் தரணியிலே சேற்றில் கால் வைத்த எவருக்கும் இதை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

வயலிலே இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பாடம், வேலைத்தலத்துப் பிரச்னையிலும் சங்கத்துக் காரியத்திலும் மட்டும் நமக்கு ஏன் மறந்துபோகிறது? கூலி கேட்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எப்போது கேட்பது என்று முடிவு செய்வதற்குள் நடவு முடிந்துவிடுகிறது. இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்று தெரியும். நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் கை போய்விடுகிறது. மதில்மேல் பூனையாகவே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

இதைப் பற்றி இந்த வாரம் பேசுவோம். ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன்னால், நம்மிடம் நடந்த தவறை முதலில் சொல்லிவிடுகிறோம்.

மூன்று கூட்டம், மூன்று ஒத்திவைப்பு

போன சம்பா நடவுச் சமயம். திருத்துறைப்பூண்டி வட்டாரத்திலே ஒரு கிராமம், பெயர் வேண்டாம். நாற்பது பெண்கள் சேர்ந்த நடவுக் கோஷ்டி. அரிசி, பருப்பு, எண்ணெய், பஸ் கட்டணம் எல்லாம் ஏறிக் கிடக்க, நடவுக் கூலி மட்டும் அப்படியே நிற்கிறது. ஏற்றிக் கேட்க வேண்டும் என்று அவர்களே வந்து சொன்னார்கள். மாரியம்மன் கோயில் திடலில் கூட்டம் போட்டோம்.

முதல் கூட்டத்தில் எல்லோரும் பேசினார்கள். “பக்கத்து ஊர்ல என்ன கூலி குடுக்குறாங்க?” யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. “நாம கேட்டா, வெளியூர் ஆளைக் கொண்டாந்து இறக்கிட்டா?” “நடவு மெஷினைக் கொண்டாந்துட்டா?” “நாளைக்கு அறுப்புக்கு நம்மைக் கூப்பிடாம விட்டுட்டா?” கேள்வி ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி. ஒன்றுக்கும் பதில் தேடிக்கொள்ள யாரையும் நியமிக்காமலே, “அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்” என்று எழுந்துவிட்டோம்.

இரண்டாம் கூட்டத்தில் அதே கேள்விகள், அதே பதிலின்மை. “மாவட்டத் தோழர் வரட்டும், அவர் முன்னிலையில் முடிவு செய்வோம்” என்று ஒத்திவைத்தோம். மூன்றாம் கூட்டத்துக்கு மாவட்டத் தோழரும் வந்தார். ஆனால் அதற்குள் ஊரில் பாதிக்கு மேல் நடவு முடிந்துவிட்டது. அன்றைக்குக் கோஷ்டியில் மூத்த அக்கா ஒருவர் எழுந்து, கோபமில்லாமல், ஒரு வார்த்தை கேட்டார்: “ஏன் தோழர், நாத்து நமக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?”

எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

தவறு அந்தப் பெண்களுடையதா? இல்லை. அவர்கள் எங்களிடம் வந்தது முடிவு எடுக்க உதவி கேட்டு. நாங்களோ, “அவசரப்பட வேண்டாம், எல்லா அம்சங்களையும் பரிசீலிப்போம்” என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருந்தோம். கேட்டுத் தோற்றுப்போனால் சங்கத்தின் பேர் கெடுமே என்ற அச்சம் எங்களுக்கு. அந்த அச்சத்துக்கு “நிதானம்” என்று பெயர் சூட்டிக்கொண்டோம். கேளாமலே தோற்றோம்! தோழர்களே, சங்க ஊழியனுக்கு இதைவிட வெட்கக்கேடு வேறில்லை.

தனி ஆளின் கணக்கு

தயங்குகிற தொழிலாளியைக் கண்டால் சிலர் உடனே “பயந்தாங்கொள்ளி” என்கிறார்கள். “இவன்களுக்குப் புத்தி வராது” என்கிறார்கள். இது மிராசுதார் திண்ணையில் பிறந்த பேச்சு. நம் வாயில் இது வரக் கூடாது.

தயங்குகிறவன் தலைக்குள்ளே என்ன ஓடுகிறது என்று பாருங்கள். கடைக்காரரிடம் பாக்கி. சுய உதவிக் குழுக் கடனுக்கு வாரத் தவணை. மகளுக்குக் காலேஜ் கட்டணம். நாளைக்கு வேலைக்குக் கூப்பிடாமல் போனால் அடுப்பு எரியுமா? இவ்வளவையும் அவன் ஒரே தலையில் வைத்து நிறுத்துப் பார்க்கிறான். அப்படிப் பார்த்தால் கணக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே விடையைத்தான் கொடுக்கும்: “வாயை மூடிக்கொண்டிரு.” அவன் கணக்கில் பிழை இல்லை. ஒரு ஆளை வைத்துப் போட்டால் அந்தக் கணக்கு அப்படித்தான் வரும்!

அதனால்தான் அவன் மறுபடியும் மறுபடியும் போட்டுப் பார்க்கிறான். ராத்திரி படுத்தால் தூக்கம் வராமல் போட்டுப் பார்க்கிறான். விடை மாறவில்லை, மனமும் ஒப்பவில்லை. அதிகமாக யோசிப்பது என்று நாம் சொல்கிறோமே, அது பெரும்பாலும் இதுதான். விடை மாறாத கணக்கைத் தனியாகத் திரும்பத் திரும்பப் போடுவது.

கழனியில் இறங்குவதா என்ற தயக்கத்துக்கும் பாதிக் காரணம் நம் தலைக்கு வெளியே இருக்கிறது. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. வழக்கமாக ஜூன் 12-ந் தேதி டெல்டாவுக்குத் தண்ணீர் திறக்க வேண்டும். 2023-ல் அந்தத் தேதியில் திறந்தார்கள்; நம்பிக் குறுவை போட்டோம். போதிய தண்ணீர் வராமல் கடைமடையில் பயிர் கருகிற்று. அக்டோபர் 10-ல் அணையையே மூடினார்கள். 2024-ல் ஜூன் 12 வந்தது, தண்ணீர் வரவில்லை. ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். பம்புசெட் வைத்திருந்தவர் குறுவை போட்டார். இல்லாதவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுப்ரீம் கோர்ட்டு 2018 பிப்ரவரி 16-ல் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. வாய்க்காலில் ஓட வேண்டாமா? இப்படி அடுத்த மாதம் தண்ணீர் வருமா என்பதே தெரியாதவனிடம் போய், “ஏனப்பா தயங்குகிறாய்?” என்று கேட்பதில் நியாயமில்லை.

கடைமடையில் நடவை விட்டு நேரடி விதைப்புக்கு மாறினால், நிலமுள்ளவனுக்குப் பயிர் மிஞ்சலாம். நடவை நம்பியிருக்கும் கூலிப் பெண்களுக்கு அத்தனை நாள் வேலையும் போய்விடும். யாரோ எங்கோ எடுக்கிற முடிவு, அல்லது எடுக்காமல் விடுகிற முடிவு, கடைசியில் நம் அடுப்பங்கரைக்கு வந்து சேருகிறது. தயக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது. மருந்தும் இங்கேயே தேட வேண்டும்.

யோசனை இடம் மாறிய கதை

மருந்து புதிதல்ல. இந்த மண்ணிலேயே நம் பாட்டன்மார் கண்டுபிடித்த மருந்துதான்.

1943-க்கு முன் கீழத் தஞ்சையில் பண்ணையாள் எப்படி இருந்தான்? கோழி கூவுமுன் வயலில் இறங்க வேண்டும். இருட்டிய பின்தான் குடிசைக்குத் திரும்ப வேண்டும். தாமதமாக வந்தால், எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால், சவுக்கடி. சாணியைக் கரைத்து வாயில் ஊற்றும் கொடுமை. அவன் குடியிருந்த மனையும் மிராசுதாருடையது. “போ” என்றால் பெண்டு பிள்ளைகளோடு வெளியே போக வேண்டும்.

இவர்களுக்கு மானம் இல்லையா? கோபம் இல்லையா? எல்லாம் இருந்தன. ஒவ்வொருவனும் தன் குடிசைக்குள்ளே தனியாகக் கணக்குப் போட்டான். நான் மறுத்தால் எனக்கு அடி. என் பிள்ளைக்குப் பட்டினி. என் குடிசைக்கு நெருப்பு. ஆகவே பொறுத்தான். தலைமுறை தலைமுறையாகப் பொறுத்தான்.

அந்த நேரத்தில்தான் தோழர் பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்து சேர்ந்தார். 1907-ல் தென் கன்னடத்தில் பிறந்தவர். தாய்மொழி தமிழ் அல்ல, சாதியோ மேல்சாதி. அவர் சேரியில் போய் உட்கார்ந்தார். அங்கே உண்டார், அங்கே படுத்தார். (காவிரிப் பிரச்னை வரும்போதெல்லாம் கர்நாடகத்து விவசாயியைப் பகைவன் என்று மூட்டிவிடுகிற அன்பர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.)

அவர் கையில் மந்திரக்கோல் எதுவும் இல்லை. ராத்திரி ராத்திரியாகச் சேரிகளில் கூட்டம் நடந்தது. தென்பரைக் கிராமத்தில் 1943-ல் விவசாயிகள் சங்கத்தின் செங்கொடி ஏறியது. பண்ணையாள் குடும்பத்திலேயே பிறந்த களப்பால் குப்பு போன்ற தோழர்கள் ஊர் ஊராகப் போனார்கள். குடிசைக்குள் தனியாகப் போட்ட கணக்கு, சேரித் திடலுக்கு வந்தது. அங்கே கேள்வி மாறிற்று. “நான் மறுத்தால் என்ன ஆகும்?” என்ற கேள்வி போய், “நாம் எல்லோரும் மறுத்தால் என்ன ஆகும்?” என்ற கேள்வி வந்தது.

ஒருவன் மறுத்தால் ஒருவனுக்கு அடி. சேரி முழுவதும் மறுத்தால்? நாற்று முற்றிக்கொண்டிருக்கும், நட ஆள் இராது. பத்து ஊர்ச் சேரி மறுத்தால் வெளியூரிலிருந்தும் ஆள் வராது. இப்போது யார் யோசிக்க வேண்டும்? யாருக்குத் தூக்கம் வராது? அதுவரை குடிசையில் இருந்த தயக்கம், திண்ணைக்கு இடம் மாறிவிட்டது! சவுக்கைக் கையில் எடுப்பவன், எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கத் தொடங்கினான்.

1944-ல் மன்னார்குடியில் ஒப்பந்தம் வந்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிந்தன. 1948-ல் மாயூரம் ஒப்பந்தம். 1952-ல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம். பின் அதுவே சட்டமாயிற்று. பண்ணையாளைக் கண்டபடி விரட்டுவதற்குத் தடை. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. குடியிருந்த மனை குடியிருந்தவனுக்கே சொந்தம் என்ற சட்டம் 1971-ல் வந்தது. இன்று நம்மில் பலர் குடியிருக்கும் மனைக்கட்டின் பின்னால் இந்த வரலாறு நிற்கிறது.

ஆலைத் தோழர்களுக்கும் இதே கதைதான். சென்னை பெரம்பூரில், செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் நடத்திய பக்திச் சபைக்கு மில் தொழிலாளர்கள் வந்துபோவார்கள். மத்தியான உணவுக்குப் போதிய நேரம் கிடையாது என்பது முதலான குறைகளைத் தனித்தனியே சொல்லி அழுவார்கள். தனித்தனியே சொன்னவரை அது புலம்பல். 1918 ஏப்ரல் 27-ல் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அன்றிலிருந்து அது கோரிக்கை.

அவசரம் துணிச்சலாகுமா?

இதைப் படித்துவிட்டு, “அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், குதித்துவிட வேண்டியதுதான்” என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். தண்ணீர் வருமுன்னே நட்டவன் நாற்றும் கருகும்.

நம் கட்சியின் வரலாற்றிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. 1948-ல் கல்கத்தாவில் கூடிய கட்சி காங்கிரஸ், நாட்டு நிலைமையைத் தவறாக எடைபோட்டு, புரட்சி வாசலில் நிற்கிறது என்று முடிவு செய்தது. அது இடது அதிதீவிரப் போக்கு என்று கண்டு, 1951-ல் கட்சியே திருத்திக்கொண்டது. இடையிலே கொடுத்த விலை கொஞ்சமா? அடக்குமுறை தலைவிரித்து ஆடிற்று. களப்பால் குப்பு 1948-ல் திருச்சி சிறையிலே உயிர் நீத்தார். 1950 மே மாதத்தில் வாட்டாக்குடி இரணியனையும் சாம்பவானோடை சிவராமனையும் போலீசார் சுட்டுக் கொன்றனர். அந்தத் தியாகிகளின் வீரத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. அவர்கள் ரத்தத்துக்கு நாம் செலுத்தும் மரியாதை, நிலைமையைச் சரியாக எடைபோடக் கற்றுக்கொள்வதுதான்.

ஆனால் கவனியுங்கள்! தவறான முடிவைக்கூடத் திருத்த முடிந்தது. எடுக்காத முடிவை எப்படித் திருத்துவது? கையில் எதுவும் இருந்தால்தானே திருத்தலாம்?

சரியாக எடுத்த முடிவுக்கும் விலை உண்டு என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1968-ல் கீழ்வெண்மணித் தோழர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். செங்கொடியை இறக்கிவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் பக்கம் வா என்றார்கள். மாட்டோம் என்றார்கள். அது அவசரத்தில் சொன்ன சொல் அல்ல; கூடி எடுத்த முடிவு. டிசம்பர் 25 இரவு, ஒரே குடிசைக்குள் 44 உயிர்களை, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக எரித்தார்கள். ஹைகோர்ட்டு 1973-ல் நிலப்பிரபுக்களை விடுதலை செய்தது. அந்த 44 பேரை நினைக்கும்போது, “முடிவெடு, எல்லாம் நல்லபடி நடக்கும்” என்று சோதிடக்காரன்போல் எவருக்கும் நாம் சொல்லத் துணிய மாட்டோம். நல்லபடி நடக்கும் என்ற உறுதியை யாராலும் தர முடியாது. அந்தச் சாம்பலுக்குப் பிறகுதான் 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இன்று நடவுக்கு இவ்வளவு என்று கேட்க நமக்கு இருக்கும் உரிமை, அவர்கள் எடுத்த முடிவின் மேல் நிற்கிறது. இதையும் மறக்கலாகாது.

ஆலையிலே யோசிக்க நேரம் உண்டா?

வயலில் முடிவுக்கு நாட்கணக்கு உண்டு. ஆலையில் அதுகூடக் கிடையாது, நொடிக்கணக்கு.

நமக்குத் தெரிந்த ஒரு புழுங்கல் அரிசி ஆலை. நீராவிக் குழாயின் மூட்டில் சீறல் கேட்டது. அங்கே நின்ற இளைஞர் கேட்டார். ஆபத்து என்று அவருக்குப் புரிந்தது. நீராவியை அடைத்தால் வேலை நிற்கும். முந்தின மாதம் இப்படித்தான் ஒருவர் நிறுத்தப்போய், “உன்னை யார் நிறுத்தச் சொன்னது?” என்று அரைநாள் கூலியை வெட்டினார்கள். இளைஞர் மேஸ்திரியைத் தேடிப் போவதா, தானே அடைப்பதா என்று அங்குமிங்கும் பார்த்தார். அவ்வளவுதான். மூட்டு விட்டுக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே வெந்துபோய், மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார்.

அவர் யோசித்தது தவறா? அந்த நொடியில் யோசிக்கும்படி விட்டதுதான் தவறு. அந்த முடிவை முன்கூட்டியே எல்லோருமாக எடுத்திருக்க வேண்டும். பிறகு அங்குள்ள தொழிலாளர்கள் கூடிப் பேசினார்கள். ஆபத்து என்று கண்டால் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். நிறுத்தியவனுக்குக் கூலி வெட்டினால் அத்தனை பேரும் வேலையை வைத்துவிட்டு ஆபீஸ் வாசலில் நிற்பது என்று முடிவு செய்தார்கள். நிர்வாகத்துக்கும் தெரியப்படுத்தினார்கள். இப்போது அங்கே சீறல் கேட்டால் யாரும் அங்குமிங்கும் பார்ப்பதில்லை; கை நேரே வால்வுக்குப் போகிறது. அந்தக் கைக்குப் பின்னால் முப்பது கைகள் இருக்கின்றன.

நாம் செய்ய வேண்டியது

பட்டறிவிலிருந்து சில காரியங்களைச் சொல்கிறோம். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை.

முதலாவது, கேள்விகளைப் பங்கு போட வேண்டும். “பக்கத்து ஊரில் என்ன கூலி?” என்பது கவலைப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டிய கேள்வி அல்ல, ஒருவர் சைக்கிளில் போய்க் கேட்டுவர வேண்டிய கேள்வி. எந்த வயலில் நாற்று எத்தனை நாள், எந்த வாய்க்காலில் எப்போது முறை வருகிறது, ஊரில் நடவு மெஷின் எத்தனை, அது இறங்காத சேற்று நிலம் எவ்வளவு. ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தால் இரண்டு நாளில் விவரம் வந்துவிடும். விவரம் வந்தால் பாதி அச்சம் போய்விடும். மீதி அச்சம் இருக்கட்டும். அது நம்மை ஜாக்கிரதையாக வைத்திருக்கும்.

இரண்டாவது, யோசனைக்குத் தேதி வைக்க வேண்டும். “அடுத்த கூட்டத்தில்” என்பது தேதி ஆகாது. “நாற்றுக்கு 15-ம் நாள் அந்தியில் முடிவு” என்றால் அது தேதி. அன்றைக்கு எவ்வளவு விவரம் கையில் இருக்கிறதோ அதை வைத்து முடிவு செய்ய வேண்டும். எல்லா விவரமும் வரட்டும் என்று காத்திருப்பவனுக்கு எல்லா விவரமும் வரும். அப்போது அறுவடையும் முடிந்திருக்கும்.

மூன்றாவது, திருத்தக்கூடிய முடிவையும் திருத்த முடியாத முடிவையும் பிரித்துப் பார்க்க வேண்டும். யார் போய் முதலில் பேசுவது, எவ்வளவு கேட்டுத் தொடங்குவது போன்றவை சரிவராவிட்டால் நாளைக்கே மாற்றலாம். இவற்றுக்கு மூன்று கூட்டம் தேவையில்லை. வேலைநிறுத்தத்தில் இறங்குவது அப்படிப்பட்டதல்ல. அதில் நாற்பது குடும்பத்தின் அடுப்பு இருக்கிறது. அதற்கு வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். மாற்றுக் கருத்துள்ளவரைப் பேச விட்டுப் பொறுமையாகக் கேட்க வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சில்லறை விஷயத்துக்கு மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். பெரிய விஷயத்தை ஆத்திரத்தில் அரைமணியில் முடித்துவிடுகிறோம்.

நான்காவது, முடிவு எடுத்தபின் வரப்பில் நின்று மறுபடியும் விவாதம் கூடாது. பேசும் வரை ஆளுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கலாம்; இருக்கத்தான் வேண்டும். முடிவு செய்தபின் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றால் நடவு ஆகாது. வேலை முடிந்ததும் திரும்பக் கூடி, எங்கே சரியாயிற்று, எங்கே பிசகிற்று என்று ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். பிசகினால் முன்னே நின்றவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு மற்றவர் நழுவக் கூடாது. அப்படி ஒருமுறை நழுவினால், அடுத்த தடவை முடிவெடுக்க எவரும் முன்வர மாட்டார்கள். எல்லோரும் எடுத்த முடிவு. லாபமோ நஷ்டமோ எல்லோருக்கும் பங்கு.

ஐந்தாவது, பெண்களை முன்வைத்து முடிவு செய்ய வேண்டும். நடவு அவர்கள் கையில். களையெடுப்பு அவர்கள் கையில். வீட்டுக் கடனில் எவ்வளவு பாக்கி என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். ஆண்கள் மட்டும் டீக்கடையில் உட்கார்ந்து எடுக்கிற முடிவு பொழுது விடிவதற்குள் ஆட்டம் கண்டுவிடுகிறது. அவர்கள் இருந்து எடுத்த முடிவு நிற்கிறது. இது நாம் பல ஊரிலும் கண்ட உண்மை.

அந்தக் கிராமத்துக்குத் திரும்புவோம்

முதலில் சொன்னோமே, அந்தக் கிராமத்துக்கு இந்தத் தடவை குறுவை நடவுக்கு முன்பே போனோம். மன்னிப்புக் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்கினோம். “அதை விடுங்க தோழர், இப்ப என்ன செய்யலாம் சொல்லுங்க” என்றார் அந்த அக்கா.

நாங்கள் சொல்லவில்லை, அவர்களே சொன்னார்கள். நான்கு பெண்கள் நான்கு ஊருக்குப் போய்க் கூலி விவரம் கொண்டுவந்தார்கள். வெளியூர்க் கோஷ்டிகள் இரண்டைப் போய்ப் பார்த்து, “எங்க ஊர்ல பேச்சு நடக்கறப்ப நீங்க இறங்கிடாதீங்க, உங்க ஊர்ல நடந்தா நாங்களும் வரமாட்டோம்” என்று பேசிவைத்தார்கள். நாற்றுக்கு 14-ம் நாள் கூடி முடிவு செய்தார்கள். 16-ம் நாள் ஐந்து பேர் போய் நிலமுள்ளவர்களிடம் பேசினார்கள். அவர்களில் பலர் தாங்களே கடனில் மூழ்கிய சிறு விவசாயிகள். அவர்கள் கஷ்டத்தையும் கேட்டார்கள். இரண்டு நாள் இழுபறி. கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. பாதிக்கு மேல் கிடைத்தது. நாற்று முற்றவில்லை. நடவு நடந்தது.

பெரிய வெற்றி என்று மார்தட்டிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெண்கள் வயலிலிருந்து கரையேறி வரும்போது, அடுத்து அறுவடைக் கூலியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். எந்தத் தேதியில் கூடுவது என்றும் பேசிக்கொண்டார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை! சங்க ஊழியனுக்கு இதைவிட மகிழ்ச்சி வேறென்ன வேண்டும்?

தோழர்களே! யோசியுங்கள், நன்றாக யோசியுங்கள். ஆனால் தனியாக யோசிக்காதீர்கள். தேதி வைக்காமல் யோசிக்காதீர்கள். குடிசைக்குள் போட்ட கணக்கைத் திடலுக்குக் கொண்டுவாருங்கள். அங்கே ஆள் தொகை மாறும், விடையும் மாறும்.

நாற்று முற்றுமுன் வயலில் இறங்குவோம்!